சிவப்புக் குழாயும் பச்சைக் குழாயும்



இந்த நேரத்தில் நாம் வழக்கமாக விதை, உரம், பூச்சிமருந்து என்றுதான் பேசுவோம். இன்றைக்குக் குடிக்கிற தண்ணீரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கதை நடந்த இடம் நம் ஊர் இல்லை. வங்காள தேசமும், அதை ஒட்டிய நம் நாட்டு மேற்கு வங்காளமும்தான். ஆனாலும் கேளுங்கள். நல்ல எண்ணத்தோடு செய்த ஒரு காரியம் எப்படித் திசை மாறியது, அதைச் சரிசெய்ய என்னென்ன பாடுபட்டார்கள், கடைசியில் எது நிலைத்தது என்பதெல்லாம் ஊரில் ஒரு அடிபம்பு வைத்திருக்கிற எல்லோருக்கும் வேண்டிய சங்கதி.

கங்கையும் பிரம்மபுத்திராவும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டி உண்டாக்கிய பூமி அது. எங்கே பார்த்தாலும் நெல், எங்கே பார்த்தாலும் தண்ணீர். வீட்டுப் பக்கத்திலேயே ஒரு குட்டை இருக்கும். குளிப்பது, துணி துவைப்பது, மாடு கழுவுவது, குடிக்க மொண்டு வருவது எல்லாம் அதில்தான். அப்புறம் காலராவும் வயிற்றுப்போக்கும் வராமல் இருக்குமா? வருஷா வருஷம் வந்தன. அதிகமாகப் பறிபோனது குழந்தைகளின் உயிர்.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று 1970-களில் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியான யுனிசெஃபும், வங்காள தேசத்தின் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் சேர்ந்து ஊர் ஊராகக் குழாய்க் கிணறு போட்டுக் கொடுத்தன. "குட்டைத் தண்ணி வேண்டாம், குழாய்த் தண்ணி குடிங்க" என்று பிரசாரம் செய்தார்கள். மண் இளகின வண்டல் ஆனதால் பெரிய இயந்திரம்கூட வேண்டியதில்லை. மூங்கில் சாரம் கட்டி, ஓர் ஆள் மேலே உட்கார்ந்து உள்ளங்கையால் குழாயின் வாயை மூடி மூடித் திறக்க, மற்றவர்கள் கீழே குழாயை ஏற்றி இறக்கினால் சேறு மேலே வந்து கொட்டும், குழாய் கீழே இறங்கும். ஒரே நாளில் கிணறு ரெடி. பார்த்த ஜனங்கள் தங்கள் சொந்தக் காசிலேயே போட ஆரம்பித்தார்கள். 1990-களின் கடைசியில் வங்காள தேசத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் குழாய்க் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தார்கள் என்று கணக்குச் சொல்கிறது. மற்ற தேசங்கள் பார்த்து மெச்சிய வேலை அது.

இதற்கிடையில் 1983-ஆம் வருஷம் கல்கத்தாவில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவராக இருந்த டாக்டர் கே.சி. சாஹாவிடம் 24 பர்கானா மாவட்டத்துக் கிராமத்திலிருந்து நோயாளிகள் வந்தார்கள். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்த மாதிரி கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, முடிச்சு முடிச்சாக இருந்தன. நம்ம ஆள் யாராவது பார்த்திருந்தால் மண்வெட்டி பிடித்த காய்ப்பு என்று விட்டிருப்பார். டாக்டர் சாஹா அப்படி விடவில்லை. இது ஆர்சனிக் நஞ்சு, குடிக்கிற குழாய்க் கிணற்றுத் தண்ணீரிலிருந்து வந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்.

ஆர்சனிக் என்றால் நமக்கும் தெரியாத சரக்கு இல்லை. அந்தக் காலத்து எலிபாஷாணம் அதுதான். சித்த வைத்தியர்கள் சொல்கிற வெள்ளைப் பாஷாணம், அரிதாரம், மனோசிலை எல்லாம் அந்த வர்க்கம். கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டால் ஆள் அன்றைக்கே காலி. தண்ணீரில் இருப்பது அவ்வளவு இல்லை. துளித்துளியாக, வருஷக்கணக்கில் உள்ளே போகிறது. முதலில் தோலில் தெரியும். பல வருஷம் கழித்துத் தோலிலும், நுரையீரலிலும், மூத்திரப்பையிலும் புற்றுநோயாக வரும். இதில் பொல்லாத விஷயம் என்னவென்றால் நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியும் மாறாது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும்.

"ஏங்க, காய்ச்சிக் குடிச்சா போயிடாதா?" என்று ஒரு தாய்மார் கேட்கலாம். போகாதம்மா. காய்ச்சினால் காலராக் கிருமி சாகும். ஆர்சனிக் உயிர் இல்லாத பொருள். தண்ணீர் ஆவியாகச் சுண்டச் சுண்ட, மிச்சத்தில் அது கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

சரி, பூமிக்குள்ளே விஷத்தை யார் கொண்டுபோய் வைத்தார்கள்? ஒருவரும் வைக்கவில்லை. இமயமலைப் பாறை தேய்ந்து வண்டலாகி வரும்போது, மண்துகள் மேல் இரும்புத் துரு படிந்து வருகிறது. அந்தத் துருவில் ஆர்சனிக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வண்டலோடு இலை தழையும் சேர்ந்து புதைகிறது. காற்றுப் புகாத ஆழத்தில், அந்தத் தழையைத் தின்று பிழைக்கிற நுண்ணுயிர்கள் துருவைக் கரைத்துவிடுகின்றன. துரு கரைந்ததும் ஒட்டியிருந்த ஆர்சனிக் தண்ணீரில் இறங்கிவிடுகிறது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எல்லைக்கு இந்தப் பக்கம் 1983-ல் தெரிந்தது, அந்தப் பக்கம் தெரியப் பத்து வருஷம் ஆயிற்று. 1993-ல்தான் வங்காள தேசத்தில் நவாப்கஞ்ச் மாவட்டக் கிணறுகளில் ஆர்சனிக் இருப்பதைப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறை கண்டது. அதற்கு முந்தின வருஷம், 1992-ல், பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் அந்த நாட்டுக் கிணற்று நீரைப் பரிசோதித்திருந்தது. ஆனால் பார்த்த பொருள்களின் பட்டியலில் ஆர்சனிக் இல்லை. பாதிக்கப்பட்ட கிராமவாசி ஒருவர் இதற்காக இங்கிலாந்தில் வழக்குப் போட்டார். பட்டியலில் சேர்க்காதது சட்டப்படி குற்றமாகாது என்று 2006-ல் பிரபுக்கள் சபை வழக்கைத் தள்ளியது. சட்டம் எப்படியோ போகட்டும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: கேட்காத கேள்விக்குப் பதில் வராது. "தண்ணியைப் பரிசோதிச்சாச்சு" என்று யாராவது சொன்னால், "எது எதுக்குப் பார்த்தீங்க?" என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

அதே பிரிட்டிஷ் நிறுவனமும் வங்காள தேசத் துறையும் 1998, 1999-ல் சேர்ந்து மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல் கிணறுகளைப் பார்த்து, முடிவை 2001-ல் வெளியிட்டன. ஐந்நூறு அடிக்கு உட்பட்ட கிணறுகளில் நூற்றுக்கு 27 கிணறு அந்த நாட்டுச் சட்ட அளவைத் தாண்டியிருந்தது. மூன்றரைக் கோடி ஜனங்கள் அப்படிப்பட்ட தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று கணக்கிட்டார்கள். 2000-ஆம் வருஷத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் பத்திரிகையில், சரித்திரத்திலேயே இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு நஞ்சு ஏறியதில்லை என்று ஆலன் ஸ்மித் என்ற நிபுணரும் கூட்டாளிகளும் எழுதினார்கள்.

சட்ட அளவு என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கிற டாங்கர் லாரி பத்து நிறுத்தினால் ஒரு லட்சம் லிட்டர். அவ்வளவு தண்ணீருக்கு 20 கிராம் வரை ஆர்சனிக் இருக்கலாம் என்று 1958-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 1963-ல் அதை 5 கிராம் ஆக்கியது. 1993-ல் 1 கிராமுக்கு இறக்கியது. வங்காள தேசம் 5 கிராமிலேயே இருக்கிறது. நம் இந்திய அளவு இப்போது 1 கிராம். பத்து லாரித் தண்ணீரில் ஒரு கிராம் என்றால், எவ்வளவு நுணுக்கமான வேலை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு வங்காள தேசத்தில் 2000 முதல் 2003 வரை ஏறக்குறைய ஐம்பது லட்சம் கிணறுகளைச் சிறு பரிசோதனைப் பெட்டியை வைத்துச் சோதித்தார்கள். நல்ல கிணற்றின் குழாய்க்குப் பச்சைப் பெயிண்ட், கெட்டதற்குச் சிவப்புப் பெயிண்ட். பதினாலு லட்சம் குழாய் சிவப்பாயிற்று. நேற்று வரைக்கும் வீட்டுப் பெருமையாக இருந்த குழாய், இன்றைக்கு விஷக் குழாய். துணி துவைக்கலாம், பாத்திரம் கழுவலாம், குடிக்கக்கூடாது.

ஜனங்கள் பட்ட பாடு அதோடு தீரவில்லை. தோலில் புள்ளி வந்தவர்களைக் குஷ்டரோகி என்று நினைத்து ஒதுக்கினார்கள். பெண்களுக்குக் கல்யாணம் தடைப்பட்டது. கட்டிக்கொடுத்த பெண்ணைத் திருப்பி அனுப்பியதும் உண்டு. ஒட்டுகிற நோய் இல்லை, ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்ததால்தான் ஒரே வீட்டில் நாலு பேருக்கு வந்தது என்று புரிய வைக்கவே வருஷங்கள் பிடித்தன.

இனி, தண்ணீரிலிருந்து ஆர்சனிக்கைப் பிரிக்கிற கதைக்கு வருவோம். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. தென் அமெரிக்காவில் சிலி நாட்டிலே அன்டோஃபகாஸ்டா என்று ஒரு பட்டணம். பாலைவனக் கரை. 1958-ல் மலையிலிருந்து ஓர் ஆற்றுத் தண்ணீரைக் குழாய் போட்டுக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு லட்சம் லிட்டருக்கு எண்பது கிராமுக்கு மேல் ஆர்சனிக். பன்னிரண்டு வருஷம் பட்டணமே அதைக் குடித்தது. 1970-ல் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். இரும்பு உப்பைத் தண்ணீரில் கலந்தால் துரு திரண்டு வரும், ஆர்சனிக் அந்தத் துருவில் ஒட்டிக்கொள்ளும், துருவை வடிகட்டி எடுத்துவிட்டால் தண்ணீர் தேறிவிடும்.

பார்த்தீர்களா, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான். பூமிக்குள்ளே துரு கரைந்து ஆர்சனிக்கை விட்டது. பூமிக்கு மேலே துரு திரண்டு அதை மறுபடியும் பிடித்துக்கொள்கிறது. அடிபம்புத் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்தால் சில ஊரில் கொஞ்ச நேரத்தில் செம்மஞ்சளாகப் படியுமே, அதே துரு. வங்காள தேசத்தில் தண்ணீரில் இரும்பு நெடி அடிக்கிறது என்று சில ஊர்களில் சும்மா இரும்பை எடுப்பதற்காகத் தொட்டி கட்டியிருந்தார்கள். பிற்பாடு சோதித்துப் பார்த்தால், அந்தத் தொட்டிகள் ஆர்சனிக்கிலும் பெரும்பங்கைப் பிடித்து வைத்திருந்தன.

அப்படியானால் வேலை சுலபம்தானே? பட்டணத்துக்குச் சுலபம். அங்கே ஒரு நிலையம், அதற்கு என்ஜினீயர், சோதனைச்சாலை, மின்சாரம், சம்பளத்துக்கு ஆள். சிலி நாட்டார் அந்தச் சமாளிப்பைச் செய்தார்கள். அவர்களுக்குமே, குடித்த பன்னிரண்டு வருஷத்தின் பலனாக நுரையீரல், மூத்திரப்பைப் புற்றுநோய்ச் சாவுகள் 1990-கள் வரைக்கும் கூடுதலாக இருந்தன. இரண்டு தெருவும் ஒரு அடிபம்பும் இருக்கிற கிராமத்தில் இந்த வேலையை யார் பார்ப்பது? அங்கேதான் வண்டி நின்றது.

மேற்கு வங்காளத்தில் 1990-களின் கடைசியிலிருந்து பல கம்பெனிகள் அடிபம்போடு சேர்த்துப் பொருத்துகிற வடிகட்டிகளைக் கொண்டுவந்தன. பார்க்க நன்றாக இருந்தன. தொடக்க நாளில் தண்ணீரைச் சோதித்தால் சுத்தமாகவும் இருந்தது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் டாக்டர் தீபங்கர் சக்ரவர்த்தி என்று ஒருவர். 1988 முதல் 2018-ல் காலமாகும் வரை முப்பது வருஷம் கிராமம் கிராமமாக நடந்து கிணற்றுத் தண்ணீர் எடுத்துச் சோதித்தவர். 2002-ல் பீகாரில் போஜ்பூர் மாவட்டத்திலும் இதே ஆர்சனிக் இருப்பதைக் கண்டு சொன்னவர்கள் அவரும் அவர் ஆட்களும்தான். அவர்கள் பாருய்ப்பூர் வட்டாரத்தில் பொருத்தியிருந்த வடிகட்டிகளை இரண்டு வருஷம் விடாமல் சோதித்து 2005-ல் எழுதினார்கள். உலக சுகாதார நிறுவன அளவுக்குள் தொடர்ந்து தண்ணீர் கொடுத்த வடிகட்டி ஒன்றுகூட இல்லை.

காரணம் என்ன? நம் ஸ்பிரேயரை நினைத்துப் பாருங்கள். மருந்து அடித்ததும் கழுவி வைக்காவிட்டால் அடுத்த தடவை நாசில் அடைத்துக்கொள்ளும். வடிகட்டியும் அப்படித்தான். துரு படிந்து படிந்து அடைக்கும். அடிக்கடி தலைகீழாகத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். உள்ளே இருக்கிற குருணை இவ்வளவு ஆர்சனிக்கைத்தான் பிடிக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. அது நிறைந்துபோனால் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தண்ணீர் வரும், தெளிவாகவே வரும், விஷமும் சேர்ந்து வரும். ஸ்பிரேயர் அடைத்தால் கண்ணுக்குத் தெரிகிறது. இது தெரியாது. ஜனங்களோ வடிகட்டி இருக்கிறதே என்ற தைரியத்தில் குடிப்பார்கள். சிவப்புக் குழாயாவது எச்சரிக்கை செய்தது. வேலை செய்யாத வடிகட்டி அதைக்கூடச் செய்யாது.

ஆனாலும் நிலைத்து நின்ற முயற்சிகளும் உண்டு. ஷிப்பூரில் இருந்த வங்காளப் பொறியியல் கல்லூரியும், அமெரிக்காவில் லீஹை பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அரூப் சென்குப்தாவும் சேர்ந்து 1997-ல் ஒரு முறையைத் தொடங்கினார்கள். அடிபம்புக்குப் பக்கத்தில் ஓர் உருளைத் தொட்டி. தண்ணீர் மேலே தெறித்து விழும்போது காற்றுப் பட்டு இரும்பு துருவாகும், ஆர்சனிக்கில் ஒரு பகுதியை அது பிடிக்கும். மீதியைக் கீழே இருக்கிற அலுமினிய ஆக்சைடு குருணை பிடிக்கும். மின்சாரம் வேண்டாம், தினம் மருந்து கலக்க வேண்டாம். ஒரு தொட்டி இருநூறு, முந்நூறு குடும்பத்துக்குப் போதும்.

அவர்கள் கெட்டிக்காரத்தனம் தொட்டியோடு நிற்கவில்லை. ஊரில் ஒரு கமிட்டி போட்டார்கள். குடும்பத்துக்கு மாசம் இவ்வளவு என்று சிறு தொகை வசூல். அதிலிருந்து ஒரு ஆளுக்குக் கூலி. அவர் நாள்தோறும் தொட்டியை அலசுவார். தண்ணீரை அவ்வப்போது சோதனைக்கு அனுப்புவார்கள். குருணை நிறைந்ததும் கழற்றி, அதற்கென்று இருக்கிற பொது இடத்துக்குக் கொண்டுபோய், காஸ்டிக் சோடாவில் கழுவி மறுபடியும் உபயோகத்துக்குக் கொண்டுவருவார்கள்.

இன்னொரு கேள்வி: கழுவின விஷம் எங்கே போகிறது? இதைப் பல பேர் யோசிக்கவே இல்லை. வடிகட்டியை அலசின தண்ணீரைக் குட்டையிலோ வயலிலோ விட்டால் எடுத்ததை எடுத்த இடத்திலேயே கொட்டின மாதிரி. இவர்கள் அலசின தண்ணீரைப் பருமணல் தொட்டியில் விட்டு, ஆர்சனிக் பிடித்த துருச்சேற்றை அங்கேயே நிறுத்தி வைத்தார்கள். காற்றுப் படுகிற இடத்தில் இருந்தால் துரு ஆர்சனிக்கை விடாது. காற்றில்லாமல் புதைத்தால்தான் விடும். பூமி சொல்லிக்கொடுத்த பாடம்.

வீட்டு அளவிலும் நல்ல வேலை நடந்தது. வங்காள தேசத்தில் மூன்று குடத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் குடத்தில் இரும்புத் துருவலும் மணலும், நடுக் குடத்தில் மணலும் கரியும் போட்டு வடிகட்டிப் பார்த்தார்கள். அந்த வழியிலேயே குஷ்டியா ஊர்க்காரரான அபுல் ஹுசாம் என்ற ரசாயனப் பேராசிரியர் 'சோனோ' வடிகட்டியைச் செய்தார். 2007-ல் அமெரிக்காவில் அதற்குப் பத்து லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. பணத்தில் பெரும்பகுதியை வடிகட்டி செய்து கொடுக்கவே செலவழித்தார். அதே போட்டியில் இரண்டாம் பரிசு சென்குப்தாவின் ஊர்த் தொட்டிக்குக் கிடைத்தது. பல கிராமங்கள் வடிகட்டியை நம்பாமல் ஐந்நூறு அடிக்குக் கீழே ஆழக் குழாய் இறக்கின. அந்த ஆழத்துப் பழைய மண்ணில் பெரும்பாலும் ஆர்சனிக் குறைவு. இன்னும் பலர், பக்கத்து வீட்டுப் பச்சைக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டார்கள். காசு செலவில்லாத வைத்தியம் அதுதான். பக்கத்து வீட்டோடு சண்டை இல்லாமல் இருந்தால் போதும்.

இவ்வளவு செய்தும் வேலை முடிந்தபாடில்லை. இன்றைக்கும் அங்கே சிவப்புத் தண்ணீர் குடிக்கிற வீடுகள் உண்டு. பெயிண்ட் உதிர்ந்துபோனது, புதுக் கிணறுகள் சோதிக்காமலேயே போடப்பட்டன.

நம் பக்கத்துக்கு வருவோம். இங்கே பல ஊர்களில் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்கிற பெயர் புளோரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல்லில் காவி ஏறின பிள்ளைகளையும், எலும்பு வளைந்த பெரியவர்களையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதுவும் பாறையிலிருந்து கரைந்து வருவது. நிறம், ருசி எதிலும் தெரியாதது, காய்ச்சினால் போகாதது. ஒகேனக்கலிலிருந்து காவிரித் தண்ணீர் கொண்டுவரும் திட்டம் அதற்காகத்தான் வந்தது. ஆகவே புதிதாகப் போர் போடுகிற போது தண்ணீர் வந்ததும் தேங்காய் உடைத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஒரு பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டச் சோதனைச்சாலையில் கொடுங்கள். புளோரைடு பார்த்தாயிற்றா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

ஊரில் ஏற்கனவே சுத்திகரிப்பு எந்திரம் வைத்திருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இதைக் கடைசியாகக் கழுவியது என்றைக்கு? கடைசியாகத் தண்ணீரைச் சோதித்தது என்றைக்கு? கழுவின கழிவு எங்கே போகிறது? இந்த மூன்றுக்கும் பெயர் சொல்லிப் பதில் தருகிற ஒரு ஆள் ஊரில் இருந்தால் எந்திரம் நிற்கும். ஆள் இல்லாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த எந்திரமும் வெறும் தகரம்தான்.

கடைசியாக ஒரு வார்த்தை. குட்டைத் தண்ணீரை விட்டுக் குழாய்த் தண்ணீருக்கு வாருங்கள் என்று சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. வயிற்றுப்போக்கிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் சொன்னார்கள். சொன்னதோடு வீட்டுக்குப் போய்விட்டதுதான் பிழை. என்னைப் போல மைக் முன்னால் உட்கார்ந்து யோசனை சொல்கிறவர்களுக்கும் அது பாடம். சொன்ன யோசனை வயலிலும் வீட்டிலும் எப்படி இருக்கிறது என்று பத்து வருஷம் கழித்தும் திரும்பி வந்து பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் நீங்கள் கேட்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள்.